கன்ஃபர்மா, அண்ணே?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தின் அலுவலகத்தில் நான் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். கதவில் மேனேஜர் என்று போட்டிருக்கிறது. உண்மையில் என் வேலை, வருகிறவர்களிடம் "கன்ஃபர்மா?" என்று கேட்பது. தேதி கன்ஃபர்மா, சாப்பாடு கன்ஃபர்மா, எத்தனை பேர் கன்ஃபர்மா, மாப்பிள்ளை கன்ஃபர்மா. கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய சில கல்யாணங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை எதற்கு வைத்திருந்தார்களோ, நாங்கள் அதை அதற்கு வைத்திருக்கவில்லை. அகராதியில் பார்த்தால், முன்பே சொன்ன ஒன்றை மறுபடி சரிதான் என்று சொல்வது கன்ஃபர்ம். எங்களுக்கோ முதல் சொல்லே அதுதான். வானம் லேசாகக் கறுத்தால் "மழை கன்ஃபர்ம்லா." ஃபெடரல் ஹைவேயில் ஏறும்போதே "ஜாம் கன்ஃபர்ம்." மச்சான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார், "அவர் கன்ஃபர்ம் லேட்டு." அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, "கன்ஃபர்ம் பிளஸ் சாப்." சாப் என்றால் ரப்பர் முத்திரை. சொன்ன வார்த்தையின் மேல் ஆபீஸ் முத்திரை குத்திவிட்ட மாதிரி. என் மேசையில் நிஜமாகவே அப்படி ஒரு முத்திரை இருக்கிறது. சிவப்பு மையில் ஆங்கிலத்தில் கன்ஃபர்ம்ட் என்று விழும். அதை எடுத்துக் குத்தும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாக்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

தமிழில் சொல்லே இல்லாமலா போயிற்று? இருக்கிறது. உறுதி என்பது பத்திரிகையில் அமைச்சர்கள் கொடுப்பது. வாக்கு என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது. சத்தியம் என்று சொன்னால் தலையில் கை வைக்க வேண்டும். கை வைத்துவிட்டுத் தவறினால் சாமி கண்ணைக் குத்தும் என்று இந்த வயதிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. கன்ஃபர்முக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. சாமிக்கு அந்தச் சொல் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம் போல.

வராமல் இருப்பதற்கும் எங்களிடம் நல்ல சொற்கள் உண்டு. "ட்ரை பண்றேன்" என்றால் வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்று அர்த்தம். "சீ ஹவ் லா" என்றால் வரமாட்டேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. "பாக்கலாம்" என்றால் இத்தோடு பேச்சை விடு. கிள்ளானிலிருந்து அம்பாங் வரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாக்கலாம் என்று சொன்னவனுக்கு யாரும் இலை போட மாட்டார்கள்.

என் தம்பி ஒருவன்தான் விதிவிலக்கு. அவன் வாயிலிருந்து கன்ஃபர்ம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்க்கா" என்பான். சொல்லிவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே வந்து நிற்பான். என் கணவர் இறந்த அன்றும் அப்படித்தான். கிள்ளானிலிருந்து வர முடியுமா என்று போனில் அழுதுகொண்டே கேட்டேன், பாக்கலாம்க்கா என்றான். உடலை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவனுடைய மோட்டார் சைக்கிள் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், அவன் பாக்கலாம் என்றால் சோற்றுக்கு ஒரு படி அரிசி கூடப் போடு என்பது வழக்கமாகிவிட்டது.

அண்ணன் நேர் எதிர். எங்கள் மூவரில் மூத்தவர். சுங்கை பூலோவில் இருக்கிறார். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிது. கேட்பதற்கு முன்பே கன்ஃபர்ம் சொல்லிவிடுவார். குழாய் உடைந்தது என்று பேச்செடுத்தால் போதும், "சனிக்கிழம வந்து மாத்துறேன், கன்ஃபர்ம்." அவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னதில் முக்கால்வாசியைச் செய்கிற மனிதர். என் வீட்டுக் குழாய் இன்றைக்கும் அவர் மாற்றியதுதான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கன்னத்தில் அலகு குத்தி பத்துமலை ஏறுவார். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும்போது கண்கூட இமைக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தம்பி கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ராட்சச வண்டி. அதை அவன் பின்பக்கமாக எடுக்கும்போது பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் போனவனை அப்படியே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு வெளியே தெரியாமலே இரண்டு கிட்னியையும் தின்று தீர்த்திருந்தது. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவப் போனான். டயாலிசிஸ் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. மலாய்க்காரர்கள் சொல்வதையே நாங்களும் தமிழில் சொல்கிறோம், ரத்தம் கழுவுகிறது. துணி துவைப்பது மாதிரி ஒரு சாதாரண வேலை என்று தோன்றும். கழுவிவிட்டு வரும் அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

லோரி போயிற்று. மணிக்கட்டுக்கு மேலே, ரத்தம் கழுவ ஊசி போடுவதற்காக நரம்பை இணைத்துத் தைத்த இடம் புடைத்துப்போய், தொட்டால் உள்ளே என்னவோ உறுமுவது கையில் தெரியும். "எஞ்சின் ஓடுதுக்கா, கை வச்சுப் பாரு" என்பான். அதைவிடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கட்டுப்பாடு. தே தாரிக் என்கிற நுரை டீயைக் குவளை குவளையாகக் குடித்தவன், குழந்தைக்கு மருந்து ஊற்றும் கிண்ணத்தில் தேநீரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். உச்சி வெயிலில் வாயில் ஒரு ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் அவன் எதிரே நான் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

வேறு வழி, யாராவது ஒரு கிட்னி கொடுப்பது. எனக்குச் சர்க்கரை நோய். கேட்ட மாத்திரத்திலேயே என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவியின் ரத்தம் வேறு குரூப். செத்தவர்கள் கொடுப்பதற்காகக் காத்திருக்கும் வரிசையில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். அந்த வரிசை எப்படி நகர்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியவில்லை. கேட்டால் "சபார், சிஸ்டர்" என்றார்கள். பொறுமை என்று அர்த்தம். பொறுமை எனக்கு வராத ஒன்று.

அந்தத் தீபாவளிக்கு எல்லோரும் தம்பி வீட்டில் கூடியிருந்தோம். அவனுக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்து, தனித் தட்டில் வைத்திருந்தாள் அவன் மனைவி. நாங்கள் ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார்.

"டேய், என்கிட்ட ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு உனக்கு. கன்ஃபர்ம்!"

தம்பி சிரித்தான். "என்னண்ணே, குழாய் மாத்துற மாதிரி சொல்றீங்க."

"அட, கன்ஃபர்ம் பிளஸ் சாப்லா! டாக்டர்கிட்ட நாளைக்கே பேசு."

தம்பி மனைவி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து வந்து அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்கு அன்று அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக அவர் இலையில் இன்னும் நான்கு துண்டு கறி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அன்பு அப்படித்தான் வெளியே வரும். அண்ணன் வீடு முழுக்கக் குரல் கேட்கப் பேசிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் முடிந்ததும் மூவரும் சேர்ந்து போர்ட்டிக்ஸன் கடற்கரைக்குப் போகவேண்டுமாம், தம்பிதான் கார் ஓட்டவேண்டுமாம். தம்பி மட்டும் தட்டில் இருந்த உப்பில்லாத கோழியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அண்ணன் சொன்னபடியே செய்தார். ரத்தம் கொடுத்தார், ஸ்கேன் எடுத்தார், சிறுநீரை நாள் முழுக்கப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சுங்கை பூலோவிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் கொண்டு வந்தார். அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொன்னார். ஒவ்வொரு சோதனையிலும் தேறினார். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் தேறாதவர் இதில் முதல் மாணவனாக இருக்கிறார் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். தம்பிகூட மெல்ல நம்ப ஆரம்பித்தான். ஒரு நாள் என்னிடம், முதல் நாள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொன்னான். அவன் ஆசையாக ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. கேட்டு வைக்கிறேன் என்றேன்.

கடைசியாக ஒரு சந்திப்பு இருந்தது. கொடுப்பவரோடு டாக்டர் தனியாகப் பேச வேண்டும், குடும்பம் வெளியே இருக்க வேண்டும். நானும் தம்பியும் அவன் மனைவியும் தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் உள்ளே போகும்போது எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். "பிறகு கூப்பிட்டுச் சொல்றாங்களாம்" என்று மட்டும் சொன்னார். அன்று கார் நிறுத்திய இடம்வரைக்கும் அவர் குரலை உயர்த்தவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பொருந்தவில்லையாம். நான் சும்மா விடுவேனா? ரத்தம் பொருந்தியதே, ஸ்கேன் நன்றாக இருந்ததே, என்ன பொருந்தவில்லை என்று கத்தினேன். மருத்துவக் காரணம், கொடுப்பவரின் விவரத்தைச் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்ப அமைதியாகச் சொன்னாள். அண்ணனிடம் கேட்டேன். "ஏதோ இருக்காம்மா. சரிப்படாதாம்" என்றார். அவருக்கே ஏதாவது பெரிய வியாதியோ, நம்மிடம் மறைக்கிறாரோ என்று அதற்கும் சேர்த்துச் சில மாதம் பயந்தேன். அவருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தேன் என்றால் இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

தம்பி எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன்தான் அவனை ரத்தம் கழுவக் கூட்டிப்போனார். சுங்கை பூலோவிலிருந்து கிள்ளானுக்கு வந்து, அவனை ஏற்றிக்கொண்டு போய், அவன் படுத்திருக்கும் நேரம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஒரு வாரமும் தவறியதில்லை. அடுத்த வாரம் வருவீர்களா என்று தம்பி மனைவி கேட்டால் "வரேம்மா" என்பார். கன்ஃபர்ம் என்று சொல்ல மாட்டார். யோசித்துப் பார்த்தால் அதற்குப் பிறகு எந்த விஷயத்துக்குமே அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. தம்பியைப் பற்றிய கவலையில் மனிதர் அடங்கிப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் தம்பி ஒருமுறை மண்டபத்துக்கு வந்தான். ஏதோ கல்யாணத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் எதிரே உட்கார்ந்து, முத்திரையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். புறங்கையில் ஒன்று குத்திப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அண்ணன்கிட்ட இனிமே நீ எதுக்கும் கன்ஃபர்மான்னு கேக்காத."

"ஏன், என் பொழப்பே அதுதானடா?"

"மத்தவங்கள கேளு. அண்ணன மட்டும் கேக்காத."

வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அவன் எப்போதும் என் தொழிலைக் கிண்டல் செய்வான். சரி போடா என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வந்திருந்த சமையல்காரரோடு சண்டை போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். சிவப்பு மை முழுக்கப் போகவில்லை.

அவன் போனது ஒரு சனிக்கிழமை காலை. அண்ணன் கார் வாசலில் நின்றிருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அண்ணன்தான் அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சடங்கில் எல்லா வேலையையும் அவரே செய்தார். நான் அவருக்காகவும் சேர்த்து அழுதேன்.

தம்பி போன பிறகு எனக்கு அண்ணன்தான் என்றாகிவிட்டது. பிள்ளை இல்லை, கணவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். எதையாவது பழுது பார்ப்பார், பழுதில்லாததையும் கழற்றி மாட்டுவார். நான் மீன் குழம்பு வைப்பேன். அவருக்கென்றே காரத்தைக் குறைப்பேன். எங்களுக்குள் பெரிய பேச்சொன்றும் கிடையாது. தம்பியைப் பற்றிப் பேசவே மாட்டோம். ஆனால் வாசலில் அவர் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் ஓடியதாக இருக்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நல்ல பையன், செலாயாங்கில் வீடு. மண்டபம் பேச என்னிடம் வராமல் வேறு எங்கே போவார்? ஒரு மதியம், வெற்றிலை பாக்குத் தட்டோடு படியேறி வந்தார். தங்கச்சியிடம் வருவதற்குத் தட்டெதற்கு என்று திட்டிவிட்டு வாங்கி வைத்தேன். கீழே பூக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தேதி சொன்னார், எழுதினேன். காலை முகூர்த்தம், எழுதினேன். சைவம், எழுதினேன். எல்லாம் முடிந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், நாள் முழுக்க ஊர்க்காரர்களைக் கேட்கிற அதே வாயால் கேட்டேன்.

"கன்ஃபர்மா, அண்ணே?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. தட்டில் இருந்த பாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கம் வருகிறதோ என்று நான் எழுந்தேன்.

"பயந்துட்டேம்மா" என்றார்.

"எதுக்குண்ணே? நல்ல எடம்தானே?"

"அந்த ரூம்ல. பயந்துட்டேன்."

எனக்கு முதலில் எந்த அறை என்று விளங்கவில்லை. அவர் கையை இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது. நான் உட்கார்ந்தேன்.

"அந்த டாக்டரம்மா என்னப் பார்த்து, அங்கிள், யூ கன்ஃபர்ம்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. பழக்க தோஷத்துல வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. அவங்க காத்துக்கிட்டே இருந்தாங்க. தம்பி இல்ல, நீ இல்ல, யாருமே இல்ல. யாரப் பார்த்து சொல்றது?"

"அலகு குத்துறீங்களே ஒவ்வொரு வருசமும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அங்க வேல் வேல்னு அத்தன பேரு கத்துவாங்கம்மா. சாமி இருக்கும். அந்த ரூம்ல ஏர்கோன் சத்தம் மட்டுந்தான். கத்தி வச்சா திரும்ப எழுந்திரிக்க மாட்டேன்னு தோணிருச்சு. அழுதுட்டேன். அந்தம்மா நல்லவங்க. வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம், பொருந்தலன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம், நீங்க போங்க அங்கிள்னாங்க."

அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். இரண்டும் நன்றாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் இரண்டும் நன்றாக இருக்கிறது. நான் அவருக்காக அர்ச்சனை செய்திருக்கிறேன். என் தம்பி வாயில் ஐஸ் கட்டியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது எனக்கு முன்னால் வந்து நின்றது. முதல் நாள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டானே, அது வந்தது. கையில் இருந்த முத்திரையை அவர் முகத்தில் எறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, கை ஓங்கிவிட்டது.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத சனிக்கிழமையே கார்ல சொல்லிட்டேன். மனசு தாங்கல."

"என்ன சொன்னான்?"

அண்ணன் சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்லண்ணே, எனக்கும் பயந்தான்னான். அப்புறம், அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னான். அக்கா கோவக்காரி. தெரிஞ்சா ஆயுசுக்கும் உங்ககூட பேசாது. நான் எவ்ளோ நாள் இருப்பேனோ. நானும் போயிட்டா அதுக்கு உங்கள விட்டா யாரு இருக்கான்னான்."

நான் ஓங்கிய கையை மேசையில் வைத்தேன். தம்பி என் எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து புறங்கையில் சிவப்பாக முத்திரை குத்திக்கொண்டிருந்ததை நினைத்தேன். அண்ணனை மட்டும் கேக்காத. தன்னைச் சாகவிட்ட மனிதரை எனக்காக அவன் காப்பாற்றி வைத்திருக்கிறான். நான் தனியாகிவிடக் கூடாது என்று. அதையும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு நான் சமையல்காரரோடு சண்டை போடப் போயிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் மேல் கோபம் வந்தது, அவரை மன்னித்துவிட்டுச் செத்துப்போன தம்பி மேல் அதைவிடக் கோபம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து, என்னைக் கேட்காமலே, எனக்கு ஒரு முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

முத்திரையைக் குத்தினேன். மகள் கல்யாணம், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? மை சரியாகப் படவில்லை, பாதி எழுத்துதான் விழுந்தது. மறுபடி குத்தவில்லை. பதிவுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரைக்கும் போய் நின்றார்.

"நீ வருவல்லம்மா? அத்தை நீதானே விளக்குப் புடிக்கணும்."

"பாக்கலாம்ண்ணே" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஊரார் சொல்லும் பாக்கலாமா, தம்பி சொல்லும் பாக்கலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மீன் மட்டும் பழக்கத்தில் வாங்கிவிடுகிறேன். அடுத்த மாதம் கல்யாணம். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவையை எடுத்து, தேய்த்து, அலமாரிக் கதவில் மாட்டி வைத்திருக்கிறேன். போவேனா என்று என்னை யாரும் கேட்க வேண்டாம்.